முகிலுக்குள் பறந்தது எத்தனை மணி?

கேள்வி:

சேர், எனக்கு ஊர் களுவாஞ்சிகுடி. இரத்மலானையில் படித்து வணிக விமானி லைசன்ஸான சிபிஎல்லும், கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் முடித்துவிட்டேன். மொத்தம் 212 மணித்தியாலம். வளைகுடா நாட்டு எயார்லைன்ஸ் ஒன்றுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கப் போகிறேன். படிவத்தில் அக்சுவல் இன்ஸ்ட்ருமென்ட், சிமுலேட்டட் இன்ஸ்ட்ருமென்ட், சிமுலேட்டர், ஐஎஃப்ஆர் என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. பறப்புக் கணக்கு எழுதும் என் லொக்புக்கில், கருவிப் பறப்பு விதிகளான ஐஎஃப்ஆரின் கீழ் பறந்தது 34:10, வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் ஹூட் போட்டுப் பறந்தது 22:30, சிமுலேட்டர் 20:00, முகிலுக்குள் பறந்தது 1:20. என்னோடு படித்த ஒருவர் ஐஎஃப்ஆரையும் சிமுலேட்டரையும் கூட்டி அக்சுவல் கட்டத்தில் போட்டாராம், இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அப்படிப் போட்டால் எனக்கு 54 வரும். 1:20 என்று எழுதக் கையே வரவில்லை. வயலை ஈடு வைத்துத்தான் அப்பா என்னைப் படிப்பித்தார். இன்னொன்று, கடைசி ஆறு மாதத்தில் பறந்த மணியையும் கேட்கிறார்கள். ரேட்டிங் முடிந்த பிறகு நான் பறக்கவே இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாமா?

பதில்:

மகள், 1:20 என்றே எழுதுங்கள். முகிலுக்குள் பறந்த அக்சுவல் 1:20, ஹூட் போட்டுப் பறந்த சிமுலேட்டட் 22:30, சிமுலேட்டர் 20:00, ஐஎஃப்ஆர் 34:10. நான்கு கட்டத்துக்கும் உங்கள் லொக்புக்கிலேயே விடை இருக்கிறது. இப்படி நாலையும் பிரித்து வைத்திருக்கும் மாணவர்கள் குறைவு. பலர் எல்லாவற்றையும் ஒரே நிரலில் கொட்டிவிட்டு, விண்ணப்பிக்கும் நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

கையே வரவில்லை என்கிறீர்கள், அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இருநூறு மணிக்காரர் ஒருவரிடம் முகிலுக்குள் பறந்த நேரம் அதிகம் இருக்காது என்பது ஆள் எடுக்கும் கப்டன்மாருக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி விமானம் சின்னது, எஞ்சின் ஒன்று, வானிலை ராடார் கிடையாது. பின்னேரம் இடிமுகில் எழும்பத் தொடங்கினால் எந்தப் பள்ளியும் மாணவரை உள்ளே அனுப்பாது. விமானத்தைக் கட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லும். அப்படியிருக்க 212 மணியில் 54 மணி அக்சுவல் என்று ஒருவர் எழுதினால், பறந்த நேரத்தில் நாலில் ஒரு பங்கு முகிலுக்குள் என்று அர்த்தம். வடக்கு ஐரோப்பாவின் மாரி காலத்தில் படித்தவருக்குக்கூட அது பெரிய கணக்கு. இரத்மலானையில் படித்தவர் அப்படி எழுதினால் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், பாராட்டுவதற்காக அல்ல.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், மூன்று வேறு விஷயங்களை ஒரே பெயரில் பேசிப் பழகிவிட்டோம். ஐஎஃப்ஆர் என்பது விதி. எந்த விதியின் கீழ் பிளான் கொடுத்து, எந்த அனுமதியில் பறந்தீர்கள் என்பதை மட்டும் அது சொல்லும்; வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தாலும் அது ஐஎஃப்ஆர்தான். ஐஎம்சி என்பது வானிலை, வெளியே பார்த்துப் பறக்கப் போதாத வானிலை. இன்ஸ்ட்ருமென்ட் நேரம் என்பது இரண்டுமில்லை. உங்கள் கண் எங்கே இருந்தது என்பது அது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் முதலாம் இணைப்பு இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது: வெளியே எந்த அடையாளத்தையும் பாராமல் கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தைச் செலுத்திய நேரம்தான் இன்ஸ்ட்ருமென்ட் பறப்பு நேரம். அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் தரையில் இருந்து செய்ததை அது தரை நேரம் என்று தனியாக வைக்கிறது. இரண்டும் சேர்ந்தது இன்ஸ்ட்ருமென்ட் நேரம்.

ஒரு பறப்பை எடுத்துப் பார்ப்போம். ஆடி மாதம், இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு ஐஎஃப்ஆர் பிளானில் வருகிறீர்கள். விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை 1:25 என்று வைப்போம். மேற்குப் பக்கம் முகில் படிந்திருக்கிறது. பிதுருதலாகல 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி. அந்தப் பக்கத்து மலைகளுக்கு மேலே உயரம் பிடித்துக் கடக்கும்போது ஒரு பன்னிரண்டு நிமிடம் முழு வெள்ளைக்குள் போகிறீர்கள். மலை தாண்டியதும் கச்சான் காற்று அடிக்கும் எங்கள் பக்கம், வானம் வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது. தூரத்திலேயே வாவி தெரிகிறது, கடல் தெரிகிறது, கொஞ்சம் கிட்ட வந்தால் திமிலைதீவுப் பக்கம் ஓடுபாதையும் தெரிகிறது. அன்றைய வரியில் என்ன எழுதுவீர்கள்? மொத்தம் 1:25, ஐஎஃப்ஆர் 1:25, அக்சுவல் 0:12. அவ்வளவுதான். இதே பறப்பு மார்கழியில் வாடைக் காற்று மழையோடு வந்தால் முகில் கிழக்குப் பக்கத்தில் தாழ இருக்கும், அக்சுவல் அரை மணியைத் தாண்டலாம். விதி அதே, பாதை அதே, எண் வேறு.

பஞ்சுப்பொதி மாதிரிச் சின்னச் சின்ன முகில்களுக்குள் நுழைந்து வெளியே வருவதை எல்லாம் விநாடி விநாடியாக எண்ணத் தேவையில்லை. முழங்காலில் கட்டிய தாளின் ஓரத்தில், முகிலுக்குள் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரு நிமிடம்கூட நிலைக்காத வெண்மையை விட்டுவிடுங்கள். எங்கள் தொழிலில் இந்த மதிப்பீடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் எழுதுவதுதான் ஆபத்து. ஞாபகத்தில் முகில் எப்போதும் வளரும்.

முகில் இல்லாமலும் அக்சுவல் வரலாம் என்பதை உங்கள் பள்ளியில் சொல்லியிருப்பார்களோ தெரியாது. அமாவாசை இரவில் நாவலடிக்கு அப்பால் கடல் பக்கம் மூக்கைத் திருப்பினால் அடிவானம் என்று ஒன்று இருக்காது. கீழே மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம், மேலே நட்சத்திரம், எது எது என்று பிரிக்க முடியாது. வள்ள வெளிச்சத்தை நட்சத்திரம் என்று நினைத்து விமானத்தைச் சரித்துக்கொண்டு போவது இந்த மாதிரி இரவில்தான். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 1984இல் கொடுத்த சட்ட விளக்கம் ஒன்று, நிலவில்லாத இரவில் கடலுக்கு மேல் அடிவானம் தெரியாமல் கருவியை நம்பித்தான் பறக்க முடிந்தது என்றால், வானிலை தெளிவாக இருந்தாலும் அதை அக்சுவலாக எழுதலாம் என்கிறது. ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்பதைக் குறிப்பு நிரலில் அன்றைக்கே எழுத வேண்டும். நிலவில்லை, கடல் மேல், அடிவானம் தெரியவில்லை என்று மூன்று சொற்றொடர் போதும். அது அமெரிக்க விளக்கம், உங்கள் லைசன்ஸ் இலங்கையுடையது. ஆகவே இதைப் பிடித்துக்கொண்டு பழைய இரவுப் பறப்புகளை எல்லாம் இப்போது அக்சுவலாக மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

ஹூட் நேரம் 22:30 பற்றி ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் லொக்புக்கில் ஏதாவது ஒரு வரியில் மொத்த நேரமும் ஹூட் நேரமும் ஒரே எண்ணாக இருக்கிறதா? மொத்தம் 1:30, ஹூட் 1:30 என்று? அப்படி இருந்தால் பிழை. ஹூட் போட்டுக்கொண்டு யாரும் தரையில் விமானத்தை ஓட்டி டாக்ஸி பண்ணுவதில்லை. மேலே ஏறிய பிறகுதான் போடுவோம், இறங்கும்போது குறைந்தபட்ச உயரத்தில் கழற்றுவோம். ஆகவே ஹூட் நேரம் எப்போதும் மொத்தத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நேர்முகத்தில் லொக்புக்கைப் புரட்டுகிற கப்டன் தேடுகிற முதல் இடம் இதுதான், ஏனென்றால் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஹூட் போட்ட ஒவ்வொரு வரியிலும் பக்கத்தில் இருந்து வெளியே பார்த்தவரின் பெயர் இருக்க வேண்டும். ஆசிரியரோடு பறந்திருந்தால் அவருடைய கையெழுத்தே போதும். செய்த அப்ரோச், அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கி வந்த முறை எது, எந்த விமான நிலையம் என்பதும் இருந்தால் நல்லது. கட்டுநாயக்கவில், தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றையைப் பிடித்து இறங்கும் ஐஎல்எஸ் ஒன்று செய்தீர்கள் என்றால் ஓடுபாதை எண்ணோடு எழுதுங்கள்.

இப்போது அந்த 54. உங்களோடு படித்தவர் செய்தது இரண்டு பிழை. ஐஎஃப்ஆரில் பறந்த நேரத்தை முழுக்க முகிலுக்குள் பறந்ததாக ஆக்கியது ஒன்று, தரையில் இருந்த சிமுலேட்டரை ஆகாயத்துக்கு ஏற்றியது மற்றது. இன்னும் சிலர் மூன்றாவதாக ஒன்று செய்வார்கள்: ஐஎஃப்ஆரையும் ஹூட்டையும் கூட்டுவார்கள். உங்கள் 34:10க்கும் 22:30க்கும் பெரும்பகுதி ஒரே பறப்புகள்தானே, பார்த்தீர்களா? ஒரே வயலின் நெல்லை மூட்டையில் ஒரு தரமும் அவணத்தில் ஒரு தரமும் எழுதிவிட்டு இரண்டையும் கூட்டினால் விளைச்சல் கூடிவிடுமா? லொக்புக்கில் இரவு, ஐஎஃப்ஆர், இன்ஸ்ட்ருமென்ட் நிரல்கள் எல்லாம் மொத்த நேரத்தை விவரிக்கிறவை. மொத்தத்தோடு சேர்கிறவை அல்ல, ஒன்றோடொன்று கூட்டுகிறவையும் அல்ல.

அந்த 212ஐயும் ஒரு தரம் பாருங்கள். அதற்குள் சிமுலேட்டரின் 20 மணி இருந்தால் உங்கள் மொத்தப் பறப்பு நேரம் 192தான். லைசன்ஸ் நிபந்தனைக்குச் சிமுலேட்டரில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வது உண்டு, அதனால் இந்தக் கலப்பு அடிக்கடி நடக்கிறது. படிவம் மொத்தப் பறப்பு நேரம் என்று கேட்டால் சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து பறந்து வந்து நிற்கும் வரையான நேரம் மட்டும்தான்.

உங்கள் படிவத்தில் நான்கு கட்டம் இருப்பது அதிர்ஷ்டம். வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது இன்ஸ்ட்ருமென்ட் என்று ஒரே ஒரு கட்டம் வரும். ஐரோப்பிய முறை லொக்புக்கில் ஐஎஃப்ஆருக்குத்தான் நிரல் உண்டு, அக்சுவலுக்கு இல்லை. அமெரிக்க முறையில் அக்சுவல், சிமுலேட்டட் என்று இரண்டு. படிவத்தைத் தயாரித்தவர் எந்தப் பழக்கத்தில் வளர்ந்தவரோ அதையே கேட்பார். கட்டத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ சின்ன எழுத்தில் விளக்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதுதான் சட்டம், நான் சொன்னதெல்லாம் பிறகு. இல்லாவிட்டால் மின்னஞ்சலில் ஒரு வரி கேளுங்கள். கேட்கவும் வழியில்லை என்றால் என் ஆலோசனை, ஆகாயத்தில் கருவி பார்த்துப் பறந்ததை மட்டும் எழுதுங்கள்: 1:20உம் 22:30உம் சேர்ந்து 23:50. சிமுலேட்டரையும் சேர்த்து மொத்த இன்ஸ்ட்ருமென்ட் நேரம் என்று வெளிப்படையாகக் கேட்டால் மட்டும் 43:50. சிவியில் இடம் இருந்தால் பிரித்துப் போடுங்கள், ஒரு வரிதான் செலவு.

சில பேர் ஐஎஃப்ஆர் மணியில் இத்தனை வீதம் அக்சுவல் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்குச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான மணி ஜெட்டில் பறந்த, ஐரோப்பிய லொக்புக் வைத்திருக்கிற ஒருவருக்கு வேறு வழியில்லாமல் அது தேவைப்படலாம், அவரும் மதிப்பீடு என்று குறிப்பிட்டுத்தான் எழுத வேண்டும். உங்களுக்கு எதற்கு? உங்களிடம் உண்மை எண்ணே இருக்கிறது.

அப்புறம் தசமப் பிரச்சினை. ஒன்லைன் படிவங்கள் பல, மணி நிமிடமாக ஏற்காது, தசமமாகத்தான் கேட்கும். 1:20ஐ 1.20 என்று தட்டினால் அது ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். ஆறு நிமிடம் என்பது 0.1. ஆகவே 1:20 என்பது 1.3, 22:30 என்பது 22.5, 34:10 என்பது 34.2. ஒவ்வொரு வரியையும் தசமமாக்கிவிட்டுக் கூட்டாதீர்கள், சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து கடைசியில் ஒரு மணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். மணி நிமிடத்தில் கூட்டி, கடைசி விடையை மட்டும் மாற்றுங்கள். படிவத்தில் போட்ட எண்ணும் லொக்புக்கின் கடைசிப் பக்கத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தத் திகதி வரையான கணக்கு என்பதையும் எழுதி, படிவத்தின் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட மாதக்கணக்கில் ஆகலாம், அப்போது என்ன எழுதினோம் என்று முழிக்கக் கூடாது.

லொக்புக்கில் ஏதாவது பிழை கண்டுபிடித்தால் டிபெக்ஸ் பூசாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, மேலே சரியானதை எழுதி, சிறு கையொப்பமும் திகதியும் இடுங்கள். ஆசிரியர் கையெழுத்திட்ட வரி என்றால் அவரிடம் கொண்டுபோய்த் திருத்துங்கள். வெட்டித் திருத்திய லொக்புக்கைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. பூசி மறைத்ததைப் பார்த்தால்தான் கேள்வி வரும்.

யாரும் கேட்கவில்லையாம் என்கிறாரே அந்த நண்பர், அவருக்கு இன்னும் நேர்முகமே வரவில்லை என்று நினைக்கிறேன். நேர்முகத்தில் மூல லொக்புக்கை மேசையில் வைக்கச் சொல்வார்கள். ஒரு பக்கத்தைத் திறந்து, இந்த அக்சுவல் 1:40 எங்கே பறந்தாய், முகிலின் அடி எத்தனை அடியில் இருந்தது, எந்த அப்ரோச் செய்தாய், எந்த உயரத்தில் ஓடுபாதை தெரிந்தது என்று கேட்பார்கள். மட்டக்களப்புக்கோ கட்டுநாயக்கவுக்கோ உண்மையிலேயே முகிலுக்குள்ளால் வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வராதவர் திணறுவார். அதையும் தாண்டினால் சிமுலேட்டர் சோதனை இருக்கிறது. 54 மணி அக்சுவல் என்று எழுதியவரிடம் 54 மணிக்குரிய கையை எதிர்பார்ப்பார்கள். பள்ளியிடமும் லைசன்ஸ் கொடுத்த அதிகாரசபையிடமும் எழுதிக் கேட்கிற நிறுவனங்களும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு பொய் என்று தெரிந்தாலும் நீக்கலாம் என்று படிவத்தின் அடியிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், அதற்குக் கீழேதான் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அமெரிக்க விதிகளில் லொக்புக்கில் பொய் எழுதுவது லைசன்சையே இரத்துச் செய்யப் போதுமான காரணம். ஈட்டில் இருக்கிற வயலை மீட்கத்தானே வேலை தேடுகிறீர்கள்? அப்படியானால் லைசன்சைப் பணயம் வைக்கிற கணக்கு சரிவராது. 1:20 என்று எழுதியதால் மட்டும் உங்களை ஒதுக்குகிற நிறுவனம், 212 மணிக்காரரை எடுக்கிற நிறுவனமே அல்ல.

வேலை கிடைத்த பிறகுக்கும் ஒரு சொல். இரண்டு பேர் ஓட்டுகிற விமானத்தில் ஐஎஃப்ஆர் மணி தானாக ஏறும், ஏனென்றால் எயார்லைன்ஸில் அநேகமாக எல்லாப் பறப்பும் ஐஎஃப்ஆர்தான். ஆனால் முகிலுக்குள் போகும்போது பக்கத்துக் கப்டன் ஓட்டி நீங்கள் வானொலி பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இன்ஸ்ட்ருமென்ட் நேரம் உங்களுடையது அல்ல. எயார்லைன்ஸ் கப்டனுக்குத் தேவையான லைசன்ஸான ஏடிபிஎல்லுக்கு ஐசிஏஓ 1,500 மணியோடு 75 மணி இன்ஸ்ட்ருமென்ட் நேரமும் கேட்கிறது, அதில் தரை நேரம் 30க்கு மேல் போக முடியாது. இப்போது இருக்கிற பழக்கத்திலேயே பிரித்து எழுதிக்கொண்டு போனால் அன்றைக்குச் சிரமம் இருக்காது.

கடைசி ஆறு மாதக் கேள்வி. வெறுமையாக விட வேண்டாம், 0 என்று போடுங்கள். வெறுமையாக விட்டால் மறந்தீர்களா மறைத்தீர்களா என்று தெரியாது; சில கணினிப் படிவங்கள் வெறுமையான கட்டத்தோடு விண்ணப்பத்தை ஏற்பதே இல்லை. குறிப்பு எழுத இடம் இருந்தால் கடைசியாகப் பறந்த திகதியையும், லைசன்சில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எந்தத் திகதி வரை செல்லும் என்று இருக்கிறதோ அதையும் எழுதுங்கள். ரேட்டிங் செல்லுபடியாவது வேறு, அண்மையில் பறந்திருப்பது வேறு. முதலாவது உங்களிடம் இருக்கிறது, அதைக் காட்டுங்கள். காசு இல்லாமல் நின்ற இடைவெளி புதிதாக முடித்த எல்லோருக்கும் வருவது, அதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் விமானத்தில் ஒரு மணி பறப்பதைவிட அதே காசுக்குச் சிமுலேட்டரில் கூடுதல் நேரம் எடுங்கள். அனுமதிக்காகக் காத்து வட்டமிடும் ஹோல்டிங் இரண்டும், ஐஎல்எஸ் இரண்டும், இரட்டை எஞ்சினில் ஒன்று நின்ற நிலையில் ஓர் அப்ரோச்சும் செய்தால் கை திரும்பிவிடும். படிவம் அனுப்புவதற்கு முதல் எடுத்தால் சிமுலேட்டர் கட்டத்தில் 20:00க்கு மேல் சேர்த்துப் போடுங்கள். அனுப்பிய பிறகு எடுத்தால் லொக்புக்கில் எழுதிக்கொண்டு போய், அன்றைய கணக்குக்குப் பிறகு இவ்வளவு எடுத்தேன் என்று நேர்முகத்தில் நீங்களாகவே சொல்லுங்கள்.